ஃபூல், இடியட்: இரண்டுமே முட்டாள்தானா?

ஆங்கிலக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. இந்த இரண்டு வசைச்சொற்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அகராதியில் இரண்டுக்கும் 'முட்டாள்' என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம் சார்?

ஃபூல் வினைச்சொல்லாகவும் வரும். 'ஹி ஃபூல்டு மீ' என்றால் அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று பொருள். இடியட் அப்படி வராது. ஏமாறுவது கெட்டிக்காரருக்கும் நடக்கும். அதனால் ஃபூல் என்று திட்டினால் பெரும்பாலும் 'இந்த விஷயத்தில் கோட்டை விட்டாய்' என்ற பொருள் தூக்கலாக இருக்கும். இடியட் என்பது ஆளின் மேலேயே முத்திரை குத்துகிறது.

கேள்வி: இடியட் ஒரு காலத்தில் டாக்டர்கள் எழுதிய சொல்லாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் அது வசையே இல்லை. கிரேக்கத்தில் 'இடியோட்டெஸ்' என்றால் பொதுப் பதவி எதுவும் வகிக்காத தனி மனிதர். 'இடியோஸ்', தனக்கே உரியது, அதன் வேர். ஒரு மொழிக்கே உரிய வழக்கை 'இடியம்' என்கிறோமே, அதுவும் இதே வேரில் பிறந்ததுதான். தனி மனிதர், தொழில் தெரியாதவர், படிக்காதவர் என்று படிப்படியாக இறங்கி, ஆங்கிலத்துக்கு வந்தபோது அறிவு வளராதவர் ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவர் இடியட், இடையில் புத்தி பேதலித்தவர் லூனடிக். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்ட் இதற்கு அளவுகோலே வைத்தார். மன வயது, அதாவது அறிவு எந்த வயதுக் குழந்தையின் அளவுக்கு இருக்கிறது என்ற கணக்கு, 3க்குக் கீழே இருந்தால் இடியட், 3 முதல் 7 வரை இம்பெசைல், 8 முதல் 12 வரை மோரான். இந்த மோரானை 1910இல் உருவாக்கியவரே அவர்தான். விஷயம் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. "மூன்று தலைமுறை இம்பெசைல்கள் போதும்" என்ற வரி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து கோபத்தில்கூட இடியட் என்ற சொல் என் வாயில் வருவதில்லை.

கேள்வி: பழைய கதைகளில் அரசவையில் ஒரு 'ஃபூல்' இருக்கிறானே, அவன் யார்?

கோமாளி. நான் மொழிபெயர்த்த முதல் சிறுவர் கதையில் 'அரசனின் முட்டாள் பாட்டுப் பாடினான்' என்று எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் 'முட்டாள்' மேல் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'விதூஷகன்?' என்று பென்சிலால் எழுதியிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் வரும் ஃபூலைப் பாருங்கள். அரசன் செய்த தவற்றை முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருப்பவன் அவன். அவனை முட்டாள் என்றால் நாடகமே கெட்டுவிடும்.

சொல்லின் வேர் லத்தீன் 'ஃபோலிஸ்', அதாவது துருத்தி. உள்ளே வெறும் காற்று.

கேள்வி: அப்படியானால் ஃபூல்தான் லேசான வசை, சரியா?

சாதாரணப் பேச்சில் சரி. பைபிளில் சரியில்லை. அங்கே அது மந்தபுத்தியைக் குறிக்கவில்லை, நெறிகெட்ட மனத்தைக் குறிக்கிறது. சங்கீதம் 14இல் கடவுள் இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்பவனை ஆங்கில பைபிள் ஃபூல் என்கிறது. தமிழ் பைபிள் அவனை 'மதிகேடன்' என்கிறது. மத்தேயு 5:22இல், சகோதரனை ஃபூல் என்பவன் எரிநரகத்துக்கு ஏதுவாவான். தமிழில் அது 'மூடனே'. இரண்டு இடத்திலும் 'முட்டாள்' என்று போட்டிருந்தால் அந்தக் கனம் வந்திருக்காது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

கேள்வி: ஃபூல்ப்ரூஃப், இடியட்ப்ரூஃப்?

பொருள் ஒன்றுதான்: யார் கையாண்டாலும் தவறு நேராதது. முதலாவதை அறிக்கையில் எழுதலாம். இரண்டாவது பேச்சு வழக்கு, பயன்படுத்துபவரை மட்டம் தட்டும்.

கேள்வி: 'ஃபூல்ஸ் கோல்டு' என்பதை 'முட்டாளின் தங்கம்' என்று எழுதலாமா ஐயா?

வேண்டாம். அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மின்னும், மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் கரும்பச்சைக் கோடு விழும். தங்கம் மஞ்சள் கோடு போடும். ஆளை ஏமாற்றுவதால் வந்த பெயர். 'போலித் தங்கம்' போதும்.

கேள்வி: கதையில் ஒரு பெண் கணவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'யூ இடியட்' என்கிறாள். எப்படி எழுதுவது?

'அட, அசடே!'