தீராத இடுப்பு வலியோடு அன்றாட வேலைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்று வருடமாக இடுப்பு வலி, படுத்தால் குறைகிறது, வேலையில் இறங்கினால் திரும்ப வருகிறது, ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், இனி படுத்திருப்பதா நடமாடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்.

நடமாடத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு, எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் காரைக்குடியில் பலகாரம் போட்டுக் கொடுப்பவள். தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம். கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் மொத்தமாகக் கேட்பார்கள், மற்ற நாட்களில் சில்லறையாகப் போகும். ஒரு ஆச்சியின் பழைய வீட்டில் பின்பகுதியான இரண்டாங்கட்டை வாடகைக்குப் பிடித்து அங்கேதான் அடுப்பு. நாற்பது வயதுவாக்கில் தொடங்கிய இடுப்பு வலி இன்னும் என்னை விட்டு முழுக்கப் போகவில்லை. ஆனாலும் தொழில் நடக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது, பேரனைத் தூக்க முடிகிறது.

முதலில் ஓய்வு பற்றி. "ரெண்டு நாள் படுத்து எந்திரி ஆத்தா, சரியாப் போயிரும்" என்று என் அயித்தை சொல்வார்கள். திடீரென்று பிடித்துக்கொண்டு நிமிரவே முடியாமல் போகிறதே, அந்த மாதிரி நேரத்தில் ஒரு நாள், ரெண்டு நாள் அடங்கியிருப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் படுத்தால் படுக்கையே வலியை வளர்க்கும். தசை தளர்ந்துவிடும், மூட்டு இறுகிவிடும், எழுந்து நிற்கும்போது முன்னைவிடக் கொஞ்சம் வேலைக்கே இடுப்பு கெஞ்சும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகள் அந்தப் பதற்றத்திலேயே இருந்து பழகிவிடுவது உண்டு. அதனால் வலி கூடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தம் இல்லை. எனக்கு வைத்தியம் பார்த்த பிசியோதெரபி தம்பி இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்த பிறகுதான் குனியவே பயந்துகொண்டிருந்த பயம் போனது. வலியைவிட அந்தப் பயம்தான் ஆளை அதிகம் முடக்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

ஸ்கேன் விஷயமும் அதோடு சேர்ந்ததுதான். முதுகு வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். வலி எதுவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு அப்படி. ஆக, ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் இடிந்து உட்கார வேண்டாம். தலை நரைக்கிற மாதிரி ஜவ்வும் வயதுக்கு ஏற்ப மாறுகிறது. உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பதை டாக்டர் உங்கள் காலைத் தூக்கிப் பார்த்து, உணர்ச்சியையும் பலத்தையும் சோதித்துச் சொல்ல வேண்டும். படம் மட்டும் போதாது.

இனி வேலை. எங்கள் தொழிலில் இடுப்பைப் பிடிப்பது கைமுறுக்குதான். தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, சம்மணமிட்டுக் குனிந்து, ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். கைதேர்ந்தவர்கள் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார்கள், அதில் ஒரு பெருமையும் உண்டு. இன்று எங்கள் அடுப்படியில் கைமுறுக்கு பழைய தேக்கு மேஜை மேல்தான் சுற்றப்படுகிறது. சுற்றின் வரிசையோ மொறுமொறுப்போ துளியும் குறையவில்லை. ஆனால் மேஜைக்கு மாறினால் மட்டும் போதாது. நின்றுகொண்டே இருந்தாலும் இடுப்பு கடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை போனில் மணியடிக்க வைத்திருக்கிறேன். அடித்ததும் ஆள் மாறுவோம்: சுற்றியவர் அடுப்புக்கு, அடுப்பில் நின்றவர் உட்கார்ந்து எடை போட்டுக் கட்டுவதற்கு. நிற்கும்போது ஒரு காலை மணைக்கட்டை மேல் தூக்கி வைத்து, அவ்வப்போது காலை மாற்றிக்கொண்டால் இடுப்பு நன்றாகத் தளரும். மாவு பிசைகிற தாம்பாளம் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், உடம்பின் பாரம் கைக்கு இறங்கும், முதுகு இழுக்க வேண்டியதில்லை.

சுமையையும் பிரித்துவிட்டோம். 15 கிலோ எண்ணெய் டின்னை அப்படியே சாய்த்து ஊற்றுவதில்லை, வந்ததும் தூக்குகளில் பிரித்துவிடுவோம். மில்லில் மாவை ஐந்து ஐந்து கிலோவாகக் கட்டித் தரச் சொன்னால் தருகிறார்கள். தூக்கும்போது பொருள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும், திரும்புவதாக இருந்தால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கையில் பாரத்தோடு நிலைப்படி தாண்டாதீர்கள். அந்த உயரமான படியில் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் நிற்கும்போதுதான் எத்தனையோ பேருக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒருவரை நிற்க வைத்துக் கைமாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. வலி இல்லாத நாள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாள். என்னோடு வேலை பார்க்கும் பெண்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும். உடனே பரணை ஒழித்து, பித்தளைச் சாமான்களையெல்லாம் இறக்கித் தேய்த்து, வீட்டைக் கழுவிவிட்டு, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். மூன்று நாள் படுக்கை. அப்புறம் இன்னொரு நல்ல நாள், மறுபடி அதே கதை. ஒவ்வொரு சுற்றிலும் செய்ய முடிகிற வேலை கொஞ்சம் குறைந்துகொண்டே போகும், கடைசியில் "எனக்கு எந்த வேலையும் ஆகாது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள்.

வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் வலி தொடங்கும் என்று தெரிந்தால் இருபத்தைந்தாவது நிமிடத்தில், இன்னும் செய்ய முடியும் என்று தோன்றும்போதே, எழுந்துவிடுங்கள். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்ப உட்காருங்கள். நல்ல நாளிலும் அதே அளவு. மோசமான நாளில் பாதி, ஆனால் அடியோடு நிறுத்தாதீர்கள். அது பழகிய பிறகு வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டலாம். கேட்க எளிமையாக இருக்கும், செய்ய மனசு இடம் கொடுக்காது, குறிப்பாகப் பாதி வேலையைப் போட்டுவிட்டு எழுந்து பழக்கமில்லாத நம் வீட்டுப் பெண்களுக்கு. ஆனால் என்னைத் தொழிலில் நிறுத்தி வைத்திருப்பது எந்த மாத்திரையையும்விட இந்தப் பழக்கம்தான்.

நடை பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் லான்செட் இதழில் வந்தது. இடுப்பு வலி வந்து சரியான 701 பேர். ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபிஸ்ட் ஆலோசனையோடு, அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து தடவை என்ற அளவை நோக்கி ஆறு மாதத்தில் மெதுவாக நடையைக் கூட்டச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுவாகப் பார்த்தால் 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். செலவில்லாத வைத்தியத்தில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வெயிலில் எங்கே நடப்பது என்று கேட்பீர்கள். காலையில் கொப்புடையம்மன் கோயில் வரை போய் வருகிறேன். சித்திரை, வைகாசியில் அதுவும் முடியாது. அப்போதெல்லாம் ஆச்சி வீட்டு வளவுதான். தூண்களை ஒட்டி நாலு பக்கமும் நிழல், சமமான தரை, நடுவில் வானம். எண்பதைத் தாண்டிய ஆச்சி சாயங்காலம் அந்த வளவைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். பெரிய வீட்டில் இருப்பவர்கள் அந்த இடத்தை வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் திறந்துவைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். மொட்டைமாடி இருந்தாலும் போதும்.

உடற்பயிற்சியில் நான் விடாமல் செய்வது மூன்றுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. நாலு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டி நிறுத்தி, பிறகு மாற்றிச் செய்வது. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்த்து ஒருவர் சொல்வதுதான் சரி.

காலையில் எழுந்ததும் குனியாதீர்கள். ராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி ஊறியிருக்கும், அதனால்தான் காலையில் அந்த விறைப்பு. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். கோலத்தைக் கொஞ்சம் நடந்த பிறகு, சின்ன முக்காலியில் உட்கார்ந்து போடலாம். மார்கழியில் பெரிய கோலம் போட ஆசைப்படுகிறவர்கள் முதல் நாள் ராத்திரியே போட்டுவிடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. வீடு கூட்ட நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் வாங்குங்கள்.

படுக்கைக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்று ஊரே சொல்லும். ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வில் கல் போன்ற மெத்தையைவிட நடுத்தரமான மெத்தைதான் வலியைக் குறைத்தது. பக்கவாட்டில் படுத்தால் முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை. இடுப்பில் கட்டும் பெல்ட்டையும் அதிகம் நம்பாதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனரீதியான சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வேண்டாதவற்றின் பக்கத்தில் இருக்கின்றன. சுடுதண்ணீர் ஒத்தடம் இதமாக இருக்கும், தாராளமாகக் கொடுங்கள்.

இந்த வலி வெளியே தெரியாது. "நல்லாத்தானே இருக்கே, என்ன இடுப்பு வலி?" என்று கேட்டுவிடுவார்கள். விசேஷ வீட்டில் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, பெரியவர்கள் முன்னால் நாற்காலி கேட்கக் கூசும். கேளுங்கள். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு அவர்களே எடுத்துப் போடுவார்கள், உங்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்பார்கள். 2020 கணக்குப்படி உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. அந்தப் பந்தியில் நீங்கள் ஒருவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை.

முகூர்த்த மாதங்களில் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி தினமும் வலி மாத்திரை போடும் பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ரத்தக் கொதிப்பு இருந்தால் இன்னும் ஆபத்து. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும். அப்புறம், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்தது இவற்றில் ஏதாவது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

பழனி பற்றி. குன்றக்குடியில் நகரத்தார் காவடிகள் கூடிப் புறப்படுவதைப் பார்த்தால் கூடவே நடக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் அது பல நாள் தொடர்ந்து நடக்கிற நடை. இப்போது அரை மணி நேரம்கூட நடக்காதவர் இந்தத் தைக்கே கிளம்ப வேண்டாம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அதில் முதலில் கோவிலூர் வரை நடந்து பாருங்கள். மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து, சில வாரம் கழித்து இன்னும் கொஞ்ச தூரம். குன்றக்குடி வரை போய், அடுத்த நாளும் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறது என்றால், அதற்கு அடுத்த வருடப் பழனியைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசலாம். பையில் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். அந்த வழியில் பஸ் இருக்கிறது, முடியவில்லை என்றால் ஏறிவிடுங்கள்.