மேசைக் கணினியின் வன்தட்டுக்கு எந்த வெளிப்பெட்டி பொருந்தும்?

பழுதான மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 500 ஜிபி வன்தட்டை மடிக்கணினியுடன் இணைத்துக் குடும்பப் படங்களை மீட்க எந்த வெளிப்பெட்டியை (வன்தட்டை உள்ளே பொருத்தி யூஎஸ்பி வழியாகக் கணினியுடன் இணைக்கும் உறையை) வாங்கலாம் என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

மேசைக் கணினியின் வன்தட்டு பெரும்பாலும் 3.5 அங்குல வகையைச் சேர்ந்தது. அதைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும்; சாதாரண யூஎஸ்பி துவாரம் 5 வோல்ட் மட்டுமே தருவதால், தனி அடாப்டருடன் வரும் பெட்டியே உங்களுக்குப் பயன்படும். விலை குறைவு என்று 2.5 அங்குலப் பெட்டியை வாங்கினால், வன்தட்டு அதற்குள் நுழையவே நுழையாது. பின்புறத்தில் 40 ஊசிகள் தெரிந்தால் அது பழைய ஐடிஇ வகை. தட்டையான இரண்டு இணைப்பிகள் இருந்தால் சாட்டா. பெட்டியும் அதே வகையாக இருக்க வேண்டும்.

யூஎஸ்பி 2.0 பெட்டியை வாங்க வேண்டாம். நொடிக்கு ஏறத்தாழ 35 எம்பி வேகத்தில் 500 ஜிபியைப் பிரதியெடுக்க நான்கு மணி நேரம் செல்லும். அதற்கிடையில் மின்சாரம் நின்றால் வேலை பாதியில் அறுந்துவிடும். யூஎஸ்பி 3.0 பெட்டியில், வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

கல்லடிக் கடற்கரையோரம் வசிக்கும் நான், உப்புக் காற்றை உள்ளிழுக்கும் விசிறிப் பெட்டியைத் தவிர்த்து, வெப்பத்தைத் தானே வெளியேற்றும் அலுமினியப் பெட்டியையே விரும்புகிறேன்.

இணைத்தவுடன் வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி தொடர்ந்து கேட்டால், உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது பெட்டியை மாற்றித் தீரும் கோளாறு அன்று, மீண்டும் மீண்டும் இயக்கினால் படங்கள் முற்றாக அழியக்கூடும்.