பாட்டிலில் பாதாம் வாசனை வருகிறதா? பென்சைல் ஆல்கஹாலை ஜெல்லில் ஊற்றும் முன்

கேள்வி: வீட்டிலேயே கற்றாழை ஜெல் செய்து வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். ஒரு வாரத்திலேயே கெட்டுப்போகிறது என்று கெமிக்கல் கடையில் சொன்னேன். "இது மல்லிகைப் பூவில் இருப்பதுதான், இயற்கையானது" என்று அரை லிட்டர் பென்சைல் ஆல்கஹால் ஊற்றிக் கொடுத்தார்கள். கிலோவுக்கு இரண்டு மூடி போடச் சொன்னார்கள். பாட்டிலைத் திறந்தால் பாதாம் எசன்ஸ் மாதிரி வாசனை வருகிறது. "ஆல்கஹால் இருக்கிறதே, மூன்று மாதக் குழந்தைக்குத் தடவலாமா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார். என்ன சொல்வது?
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அந்த பாட்டிலை மூடி ஓரமாக வையுங்கள். இனி அதிலிருந்து ஒரு சொட்டுகூட ஜெல்லில் போக வேண்டாம். அதைப் போட்டுச் செய்த ஜெல் கையிருப்பில் இருந்தால் அதையும் விற்காதீர்கள். பென்சைல் ஆல்கஹால் கெட்ட பொருள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது எந்தத் தரம், எத்தனை நாள் பழசு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது.

மல்லிகைக் கதை பொய்யில்லை. உங்கள் சத்தியமங்கலத்து மல்லிகையின் மணத்தில் பென்சைல் அசிட்டேட்டும் பென்சைல் ஆல்கஹாலும் உண்டு. ரோஜாவின் மணத்தில் இதன் நெருங்கிய உறவான பீனைல் எத்தில் ஆல்கஹால் உண்டு. ஆனால் கெமிக்கல் கடைக்கு ட்ரம்மில் வருவது பூவிலிருந்து எடுத்ததல்ல. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனில் குளோரின் ஏற்றி பென்சைல் குளோரைடு செய்வார்கள். அதைச் சலவை சோடாக் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கினால் பென்சைல் ஆல்கஹால் வரும். செயற்கையாகச் செய்தது என்பதற்காக அது மட்டமாகிவிடாது, மூலக்கூறு ஒன்றுதான். ஆனால் அந்த பென்சைல் குளோரைடு கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும் நச்சு. அதையும் மற்ற குளோரின் கசடுகளையும் எந்த அளவுக்குச் சுத்தமாக நீக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் விலை வித்தியாசம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மட்டமான தரத்துக்கு டெக்னிக்கல் கிரேடு என்று பெயர். எப்பாக்சி தரை போடுகிறவர்களும், பழைய பெயிண்டை உரித்தெடுக்கும் கரைசல் செய்கிறவர்களும் வாங்குவது அது. அவர்கள் வேலைக்கு அது போதும். தோலில் பூசுகிற பொருளுக்கு வேண்டியது ஐபி (இந்தியா), பிபி (பிரிட்டன்), யுஎஸ்பி (அமெரிக்கா) என்று ஏதாவது ஒரு மருந்துத் தர நூலின் பெயர் அச்சிட்ட தரம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெரிய ட்ரம்மில் லேபிளோடு வரும் சரக்கு, கடையின் பின்பக்கத்தில் தண்ணீர் பாட்டிலிலும் பழைய பினாயில் பாட்டிலிலும் ஊற்றப்பட்டு, வெறும் மார்க்கர் பேனா எழுத்தோடு உங்களைப் போன்றவர்கள் கைக்கு வருகிறது. பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, தரம் இல்லை. பில் கேட்டால் 'கெமிக்கல்' என்று ஒரே வார்த்தை. பெரிய கம்பெனிக்கு இப்படிக் கொடுக்க அவர்களுக்குத் தைரியம் வராது. வீட்டில் தொழில் செய்யும் பெண்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. அதனால் கேளுங்கள். லேபிளில் சிஏஎஸ் எண் 100-51-6 இருக்கிறதா என்று பாருங்கள். பென்சைல் ஆல்கஹாலின் அடையாள எண் அதுதான். அந்த பேட்சுக்கான பகுப்பாய்வுச் சான்று, அதாவது சிஓஏ, கேளுங்கள். "எதுக்கும்மா அதெல்லாம்?" என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இதே ஆட்கள்தான் வைட்டமின் ஈ எண்ணெயைப் ப்ரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் காக்கும் பொருள், என்று விற்கிறார்கள். எண்ணெய் சிக்கடிப்பதை அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிருமியை அது ஒன்றும் செய்யாது. 'இயற்கைப் ப்ரிசர்வேட்டிவ்' என்று உலகம் முழுக்க விற்ற கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றைச் சோதித்தபோது, பல பாட்டில்களில் கிருமியைக் கொன்றது உள்ளே இருந்த பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைப் பொருள் என்று தெரியவந்தது.

சரி, அந்தப் பாதாம் வாசனை. நல்ல பென்சைல் ஆல்கஹாலுக்கு மணம் மிக லேசாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டு நாளானால் அது மெல்ல பென்சால்டிஹைடு ஆக மாறும். பாதாம் பால் எசன்ஸின் மணம் அந்த பென்சால்டிஹைடுடையது. இன்னும் நாளானால் பென்சாயிக் அமிலம். மூக்கு இதைக் கொஞ்ச அளவிலேயே பிடித்துவிடும், அதனால் பாட்டில் முழுக்க மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் பலமுறை திறந்து மூடிய பழைய சரக்கு என்பதற்கு அது போதுமான சாட்சி. இனி வாங்கும்போது சின்ன அளவாக, அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில் வாங்கி, இறுக மூடி, வெயில் படாமல் வையுங்கள்.

அடுத்தது இரண்டு மூடிக் கணக்கு. மூடி ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒரு மூடி 10 மில்லி பிடிக்கும் என்றால் இரண்டு மூடி 20 கிராமுக்கு மேலேயே வரும், கிலோவுக்கு 2 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஐரோப்பிய விதிகளில் ப்ரிசர்வேட்டிவாக இதற்கு உச்சவரம்பு 1 சதவீதம். நீங்கள் கிலோவுக்கு 8 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், மூடியையும் ஸ்பூனையும் நம்ப வேண்டாம். கெட்டியான ஜெல்லில் நேராக ஊற்றினால் கரையாமல் குட்டிக் குட்டித் துளிகளாகத் தங்கும். அந்தத் துளி பட்ட இடம் எரியும். 100 மில்லி தண்ணீரில் சுமார் 4 கிராம் வரைதான் இது கரையும், அதுவும் பொறுமையாகக் கலக்கினால். ஜெல்லைக் கெட்டியாக்கும் முன்பே தண்ணீரில் கரைத்துவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் இது தனியாக உங்கள் ஜெல்லைக் காப்பாற்றாது. சில வகைக் கிருமிகளை நன்றாக அடக்கும். தண்ணீர் சார்ந்த பொருட்களில் வளரும் சூடோமோனாஸ் போன்றவற்றிடம் பலம் குறைவு. அதனால்தான் டிஹைட்ரோஅசிட்டிக் அமிலம் என்ற இன்னொரு ப்ரிசர்வேட்டிவோடு சேர்த்த கலவையாக விற்கிறார்கள். லேபிளோடு வரும் அந்தக் கலவையை வாங்குவது உங்களுக்கு நல்லது. ஜெல்லின் பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 5-ஐ ஒட்டி இருக்கட்டும். கற்றாழை இயல்பாகவே புளிப்புப் பக்கம்தான், நீங்கள் கார்போமர் பொடி போட்டு டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தை ஊற்றிக் கெட்டியாக்கும்போதுதான் பிஎச் ஏறுகிறது. பிஎச் 8-ஐத் தாண்டினால் பென்சைல் ஆல்கஹால் பெரிதாக வேலை செய்யாது. வாசனை எண்ணெய் கலக்க ட்வீன் 80 சேர்க்கிறீர்கள் என்றால், அதுவும் இதன் வீரியத்தைக் குறைக்கும். அப்புறம், சமையலறையில் அறுத்து மிக்ஸியில் அடித்த கற்றாழையில் ஏற்கனவே கிருமி மண்டிக் கிடந்தால் எந்தப் ப்ரிசர்வேட்டிவும் ஈடுகொடுக்காது. கற்றாழைப் பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்வது விற்பனைக்கு ஏற்ற வழி.

ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படும் பெரியவர்களுக்கு ஒரு வரி போதும்: இது சாராயத்தில் இருக்கும் எத்தில் ஆல்கஹால் இல்லை, இந்த அளவில் போதையும் தராது, தோலையும் வறளவைக்காது.

குழந்தை விஷயத்தை அப்படி ஒரு வரியில் முடிக்க மாட்டேன். பெரியவர்கள் உடலுக்குள் போகும் பென்சைல் ஆல்கஹாலைக் கல்லீரல் பென்சாயிக் அமிலமாக்கி, கிளைசினோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். பிறந்த குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, அந்த வேலை செய்யும் திறன் வளர்ந்திருக்காது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளின் ரத்தக்குழாய்க் குழலைக் கழுவ 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அமிலம் உடலில் தேங்கி, மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்தார்கள். 1982-இல் பச்சிளம் குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அது ரத்தத்துக்குள் நேராகச் செலுத்தியது, திரும்பத் திரும்பச் செலுத்தியது. தோலில் தடவும் 0.8 சதவீத ஜெல்லோடு அதை ஒன்றாக்கிப் பேசக்கூடாது. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். தலைப் பேனுக்கு 5 சதவீத பென்சைல் ஆல்கஹால் லோஷனுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோதுகூட, ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குத்தான் என்று வரம்பு வைத்தார்கள். மருந்தாக, மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பதற்கே அந்த வரம்பு. பச்சிளம் குழந்தையின் தோல் மெல்லியது, எடைக்கு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், கையை வாயில் வைக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு உங்கள் ஜெல் தேவையே இல்லை. "குழந்தைகளுக்கு இல்லை" என்று அந்த வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்கள், லேபிளிலும் அச்சிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: லைசன்ஸ். அழகுசாதனப் பொருள் செய்து விற்க, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வேண்டும். சிறுதொழில் பதிவான உத்யம் சான்று அந்த உரிமம் ஆகாது, ஜிஎஸ்டி எண்ணும் ஆகாது. எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுக்கானது. உத்யம் பதிவை அரசு தளத்தில் இலவசமாக நீங்களே செய்துகொள்ளலாம். அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு "லைசன்ஸ் வாங்கித் தந்துவிட்டேன்" என்று ஆயிரக்கணக்கில் கறக்கும் 'கன்சல்டன்ட்'கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் ஏற்பாடுதான். பெரிய தொழிற்சாலையும் ஒரு அறையில் ஜெல் செய்யும் பெண்ணும் ஒரே மாதிரி உரிமம் வாங்க வேண்டும். அதை அவளுக்கு எளிய தமிழில் விளக்கிச் சொல்ல ஆளில்லை. கேட்கப் போனால் போர்ட்டலைப் பார் என்கிறார்கள்.

உங்களுக்குத் தனி இடமும் ஆளும் போட முடியாது என்றால் லோன் லைசன்ஸ் என்று ஒரு வழி உண்டு: ஏற்கனவே உரிமம் உள்ள ஒரு தொழிற்சாலையில், அவர்கள் வசதியைக் கொண்டு, உங்கள் பெயரில் தயாரிப்பது. அதற்கான விண்ணப்பம் சிஓஎஸ்-6. கலவையை இறுதி செய்ததும், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சேலஞ்ச் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். வேண்டுமென்றே கிருமிகளைச் சேர்த்து 28 நாள் கவனிப்பார்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை ஆர்டர் எடுக்காதீர்கள்.