புற்றுக்குள் நடக்கும் பயிர்ச்செய்கை

வாசகர் கேள்விகளுக்கு, முல்லைத்தீவு மாவட்டத்தில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: மாரி தொடங்கிய கையோடு எங்கள் வீட்டுக் கூரை வளையில் ஒரு சிலந்தி வந்து நின்றது. கையை விரித்த அளவு. கால் முழுக்க மயிர். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். மாமி தும்புத்தடியால் அடித்துக் கொன்றுவிட்டார். அது கடித்தால் ஆள் தப்புமா? – ஒரு குடும்பத் தலைவி, மாங்குளம்

தப்பும். நீங்கள் சொல்வது புலிமுகச் சிலந்தியாகத்தான் இருக்க வேண்டும். கடித்தால் கடுமையாக நோகும், தசைப்பிடிப்பு வந்து சில நாள் இழுக்கவும் கூடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் புத்தி. ஆனால் இதன் கடியால் ஆள் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை.

உங்கள் ஊருக்கும் இந்தச் சிலந்திக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2009இல் வடபகுதிக் கிராமத்தவர் ஒருவர் செத்த ஆண் சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு தேடியவர்கள் மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியில் பெண் சிலந்தியையும் குஞ்சுகளையும் கண்டார்கள். புதிய இனம் என்று அவர்கள் அறிவித்தது 2013இல் உலகச் செய்தியானது. காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும். முதிய மரங்களின் ஆழமான பொந்துதான் இதற்கு வீடு. அந்த மரங்கள் குறையக் குறைய, இருட்டான பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. உங்கள் வளைக்கு வந்ததும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிலந்திப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. அதில் ஓரினத்தை 2004இல் இராமேஸ்வரத்திலிருந்து விவரித்தார்கள். பிறகு அதே இனம் மன்னாரிலும் கிடைத்தது. கடலைத் தாண்டி எப்படி வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே கிடந்தது. இராமர் அணைப் பக்கம் கடல் இப்போதும் சில மீற்றர் ஆழந்தான். அன்றைக்கு அது தரை. இரண்டு கரையிலும் ஒரே இனம் நிற்பதற்கு அந்தத் தரைவழி நல்ல விளக்கம். மாமியிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் டப்பாவால் கவிழ்த்து மூடி, பின்வளவுப் பழைய மரத்தடியில் விட்டுவிடலாம்.

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நுண்ணங்கி, தாவரம், முள்ளந்தண்டிலி இவற்றின் பல்வகைமையையும், தலைமுறை தலைமுறையாக இனங்கள் மாறிவரும் கூர்ப்பையும் ஆராய ஆசை. எல்லாரும் சிங்கராஜா, சிவனொளிபாதமலை என்றே சொல்கிறார்கள். ஆய்வுகூட வசதி இல்லாமல் இங்கே நான் எதைப் பார்ப்பது? – மாணவி, ஒட்டுசுட்டான்

பிள்ளை, ஈரவலயக் காடுகளில் இந்தத் தீவுக்கே உரிய இனங்கள் அதிகம் என்பது உண்மை. அதற்காக எங்கள் காட்டை வெறும் பற்றை என்று ஒதுக்குவது எனக்குப் பொறுக்காத விஷயம். போர்க்காலத்தில் எத்தனையோ ஆண்டுகள் வெளி ஆய்வாளர்கள் இங்கே கால்வைக்க முடியவில்லை. நீர் இங்கேயே இருக்கிறீர். மாரியும் கோடையும் ஒரே இடத்தைப் பார்க்க உம்மால் முடியும். இரண்டு நாள் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

ஒரு கறையான் புற்றில் தொடங்கும். நீர் கேட்ட மூன்றும் அதற்குள் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் புற்றுக் கட்டும் கறையான், தான் மென்ற மரத்தையும் சருகையும் தனியே முழுதாகச் சமிக்க வல்லதல்ல. அது தன் எச்சத்தால் துளைத்துளையான அடைகள் கட்டி, அதில் ஒரு பங்கசை, அதாவது பூஞ்சணத்தை, வளர்க்கிறது. பங்கசு மரத்தின் கடினமான பகுதியை உடைத்துக் கொடுக்க, கறையான் அந்த அடையைத் தின்னும். மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற, நாங்கள் கறி வைக்கிற காளான் அந்தப் பங்கசுடையதுதான்; விதைபோன்ற நுண்ணிய வித்திகளைப் பரப்ப வெளியே தலைநீட்டுகிறது. இந்தப் பயிர்ச்செய்கை சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் ஒரே ஒரு முறை தொடங்கியது. அதிலிருந்து கிளைத்த நூற்றுக்கணக்கான இனங்களில் ஒன்றும் அதைக் கைவிட்டதாக அறியப்படவில்லை. மனிதர் பயிர் செய்யத் தொடங்கி 12,000 ஆண்டுகள்கூட ஆகியிருக்குமோ என்ற அளவுதான்.

சரி, நீர் என்ன செய்யலாம்? ஈசல் பறந்து போய்ப் புதுப் புற்றுத் தொடங்கும்போது பெரும்பாலான இனங்கள் பங்கசைக் கூடக் கொண்டுபோவதில்லை. அங்கே பிறக்கும் முதல் வேலைக்காரக் கறையான்கள்தான் வெளியே கிடக்கும் வித்திகளைத் தேடி எடுத்து வருகின்றன. ஆகவே ஈசல் பறந்த நாள், காளான் முளைத்த நாள், மழை பெய்த நாள் மூன்றையும் பல புற்றுகளுக்கு எழுதிவையும். இரண்டு மாரி எழுதினாலே உம்மிடம் ஒரு நல்ல ஆய்வுக்கேள்வி இருக்கும். ஆய்வுகூடம் அதற்குத் தேவையில்லை. புற்றுக்குள் மட்டும் கைவிடாதேயும், பாம்பு இருக்கும்.

நுண்ணங்கியும் பக்கத்திலேயே உண்டு. உழுந்துச் செடியைப் பிடுங்கி வேர்ச்சிறுகணு ஒன்றை நகத்தால் பிளந்து பாரும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா நைதரசன் பிடிக்கிற வேலையில் இருக்கிறது. வயற்சேற்றை மிதிக்கும்போது வரும் குமிழில் மெதேன் உண்டு. அதை உண்டாக்குபவை பற்றீரியாவே அல்ல. ஆர்க்கியா என்ற தனிக் கிளை. காள் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் என்ற இருவர் 1977இல்தான் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை உலகம் முழுக்க இவற்றைப் பற்றீரியாக் கணக்கிலேயே எழுதினார்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரும். எதைப் படம் எடுத்தாலும், எதை அற்ககோலில் போட்டாலும், திகதி, இடம், எந்தச் செடியில் அல்லது எந்த மண்ணில் என்ற மூன்றும் பென்சிலால் எழுதிய துண்டு கூட இருக்க வேண்டும். பெயர் பிறகு கண்டுபிடிக்கலாம். டிஎன்ஏயின் ஒரு சிறு துண்டை வைத்து இனத்தை அறிகிற, 2003இலிருந்து பரவிய டிஎன்ஏ பட்டைக்குறி முறையில் பூச்சியின் ஒரு கால் போதும். ஆனால் துண்டில்லாத பூச்சிக்கு ஊரை யாராலும் கண்டுபிடித்துத் தர முடியாது.

ஒதுக்குக் காடுகளிலும் சரணாலயங்களிலும் சேகரிக்க வன, வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும். வீட்டு வளவும் உங்கள் வயலுமே இப்போதைக்குப் போதும். கண்ணிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை இருக்கிற பக்கம் எந்தப் பூச்சிக்காகவும் போகக்கூடாது. பழக்கமான காடு என்று நினைத்தும் போகக்கூடாது. மேற்படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவையும் விசாரியும்.

கேள்வி: அறக்கொட்டியானுக்கு மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. மருந்து கலப்படமா? – விவசாயி, வவுனிக்குளம்

கலப்படம் இல்லாமலும் இது நடக்கும், அண்ணை. அறக்கொட்டியான் என்பது நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்தி. ஒரே மருந்தை அடிக்கும்போது அதைத் தாங்கக்கூடிய சில தத்திகள் தப்பும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே தேவை. எதிர்ப்புள்ள நெல்லுக்கும் இதே கதிதான்: பிலிப்பைன்ஸில் 1973இல் வெளியிட்ட ஐஆர் 26 நெல்லை, இரண்டு மூன்று ஆண்டுக்குள் தத்தி தின்னத் தொடங்கிவிட்டது. மேலே கேட்ட பிள்ளை தேடுகிற கூர்ப்பு உங்கள் வயலிலேயே நடக்கிறது.

மருந்து சிலந்திகளையும் சேர்த்துக் கொல்கிறது. தத்தியைத் தின்ன ஆள் இல்லாமல் போக, அது முன்னையைவிடக் கூடப் பெருகும். ஆகவே விதைத்து முதல் 40 நாள் மருந்துப் பக்கம் போகாதீர்கள். யூரியாவைக் கூட்டாதீர்கள். தத்தி கண்டால் தண்ணீரை மூன்று நான்கு நாள் வடிய விடுங்கள். பயிரின் அடியை விரித்து, தத்தி எத்தனை, சிலந்தி எத்தனை என்று பல இடங்களில் எண்ணிக் குறித்துக்கொண்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். மருந்து வேண்டுமா, எது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவர் சொல்ல முடியும்.