தொழில்முனைவு, முதலீடு, அரசுக் கொள்கை: மூன்றிலும் ஒருவரே இயங்க முடியுமா? எதில் தொடங்குவது?

முடியும். நந்தன் நிலேகனியைப் பாருங்கள். 1978-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்து, பட்னி என்ற கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1981-ல் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸில் அவரும் ஒருவர். 2002 முதல் 2007 வரை அதன் தலைமைச் செயல் அதிகாரி.

அப்புறம்தான் திருப்பம். 2009-ல் நிறுவனத்தை விட்டு ஆதார் ஆணையத்தின் தலைவரானார். முதல் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி என்ற பழங்குடி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. மென்பொருள்காரரின் கை எங்கே தெரிகிறது என்றால், அந்த வடிவமைப்பில். விரலை வைத்தால் "இவர்தானா அவர்?" என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும். அடிப்படைச் சேவையை அவ்வளவு எளிமையாக வைத்ததால்தான் வங்கி, ரேஷன் என்று எல்லாவற்றையும் அதன்மேல் கட்ட முடிந்தது. அந்தரங்கம் பற்றிய கவலைகளும் நியாயமானவையே. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

2014-ல் பெங்களூரு தெற்குத் தொகுதியில் நின்று தோற்றார். 2017-ல் இன்ஃபோசிஸுக்குத் தலைவராகத் திரும்பினார். அதே ஆண்டு ஃபண்டமென்டம் என்ற முதலீட்டு நிதியையும் கூட்டாகத் தொடங்கினார்.

என்னைக் கேட்டால், முதலில் ஏதாவது ஒன்றைக் கட்டி நடத்துங்கள். அரசு அவரை அழைத்தது பட்டத்துக்காக அல்ல, பெரிய அமைப்பை நடத்திக் காட்டியதற்காக. சம்பளத்தை நம்பியிராத நிலையும் அதற்குள் வந்திருந்தது.