மூளை அலை ரிப்போர்ட்டும் பதினொன்றாம் வகுப்பு குரூப்பும்

அம்மா, போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வந்தீர்கள். கையில், கோவையில் அவள் தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையை அளந்து கொடுத்த, கலர் கலராய் எட்டுப் பக்க ரிப்போர்ட். "மூளை வேகம் குறைவு, மேத்ஸ் குரூப் வேண்டாம்" என்று நீங்கள் வாசித்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முன்னால் வாதாட மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூளையில் மின் அலை ஓடுவது நிஜம். ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் அதைப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். 1969-இல் எர்ட்ல், ஷேஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், ஐக்யூ கூடிய பிள்ளைகளுக்கு வெளிச்சத்தைக் காட்டினால் மூளையின் அலை சீக்கிரம் எழுகிறது என்று எழுதினார்கள். பரீட்சையே வேண்டாம், தலையில் ஒயர் ஒட்டினால் போதும் என்று பலருக்கும் ஆசை வந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்கு அப்படி வந்தது, சிலருக்கு வரவில்லை.

பனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து குறையும், பொதுவில் சரி. அதை வைத்து உங்கள் தோட்டத்தில் நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்வீர்களா? இதுவும் அப்படித்தான்.

அந்த அலையோ சில மைக்ரோவோல்ட்தான், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் சில பங்கு. வெளிச்சத்தைப் பலமுறை காட்டி, சராசரி எடுத்தால்தான் கண்ணுக்கே தெரியும். கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் கோடு கலையும். தூக்கக் கலக்கத்தில் அலையே மாறும். அன்று விடியற்காலை எழுந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே கோவைக்குப் போனாள் என்று நீங்களே சொன்னீர்கள்!

நான் பார்த்தது வேறு. பச்சை இலை எடைக் கணக்கை எழுதும் நோட்டை அவள் காட்டினாள். இலை வாங்கும் ஏஜென்ட் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார் என்று மழை நாள், வெயில் நாள் பிரித்துப் போட்டிருக்கிறாள். வெயில் நாளிலும் கழித்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். இவளுக்கா கணக்கு வராது?

பயோ மேத்ஸ் எடுக்கட்டும், இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். அந்த மெஷின் மேலேயே ஆர்வம் வந்தால், வலிப்பு நோயாளிகளுக்கு இஇஜி என்ற மூளை அலைப் பதிவு எடுக்கக் கற்றுத்தரும் பிஎஸ்சி நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி என்ற படிப்பும் இருக்கிறது.

சரி, கட்டிய பணம் போனது போகட்டும். அடுத்த முறை அவளை அரை மணி நேரம் தனியாக என்னிடம் பேச விடுங்கள். எந்தப் பாடம் பிடிக்கும் என்று அன்று நான் கேட்டதற்கு, அவள் வாய் திறக்கும் முன்பே நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.