டொமைனின் நேம்சர்வரும் டிஎன்எஸ்செக்கும் சரியாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

நேம்சர்வரை (டொமைனின் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) மாற்றிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிஎன்எஸ்செக் என்பது அது சொல்லும் விடை போலியில்லை என்று டிஜிட்டல் கையெழுத்தால் சோதிக்கும் முறை. சிலருக்குத் தளம் திறக்கும், சிலருக்குத் திறக்காது. சப்போர்ட்டில் கேட்டால் "48 மணி நேரம் பொறுங்கள்" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். ஹோஸ்டிங்காரர் டிஎன்எஸ்ஸை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருந்தார். "என்ற போன்ல நல்லாத்தானுங்க வருது, தம்பி. கஸ்டமருக்குத்தான் வரமாட்டேங்குது." கூகுளின் ரிசால்வரான (நமக்காக டிஎன்எஸ் விடையைத் தேடித் தரும் சர்வர்) 8.8.8.8-இடம் டிக் (dig) கட்டளையில் கேட்டேன்: சர்வ்ஃபெயில், அதாவது விடை தர முடியவில்லை. அதையே பிளஸ் சிடி (+cd, கையெழுத்தைச் சோதிக்காதே என்பது) சேர்த்துக் கேட்டால் ஐபி ஒழுங்காக வந்தது. சோதிக்காமல் கேட்டால் விடை வருகிறது, சோதித்தால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான். .காம் சர்வரில் பழைய டிஎஸ் ரெக்கார்ட் (டொமைனின் கையெழுத்துச் சாவியை அடையாளம் காட்டும் குறிப்பு) அப்படியே இருந்தது. புதிய இடத்தில் அதற்கேற்ற சாவியே (டிஎன்எஸ்கீ) இல்லை. முதலாளியின் போன் கம்பெனி ரிசால்வர் இதையெல்லாம் சோதிப்பதில்லை போல.

.காமில் நேம்சர்வர் பெயரைச் சொல்லும் என்எஸ் ரெக்கார்டின் டிடிஎல் (ரிசால்வர்கள் பழைய விடையைக் கேஷில் வைத்திருக்கும் நேரம்) 2 நாள், அதனால் பொறுக்கச் சொல்வது நியாயம்தான் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பான டிஎஸ் எத்தனை நாள் பொறுத்தாலும் தானாகப் போகாது.

நீங்கள் முதலில் டிக்கில் பிளஸ் டிரேஸ் (+trace, மேலிருந்து படிப்படியாகக் கேட்பது) போட்டு, மேலே .காம் காட்டும் நேம்சர்வர்களும் உங்கள் ஜோனில் (நேம்சர்வரில் உள்ள உங்கள் டொமைனின் ரெக்கார்டுகள்) உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சர்வரையும் தனியாகக் கேட்டு எஸ்ஓஏ சீரியலை (ஜோனின் பதிப்பு எண்) ஒப்பிடுங்கள். கட்டளை வராதென்றால் டிஎன்எஸ்விஸ், ஜோன்மாஸ்டர் என்ற சோதனைத் தளங்கள் இரண்டிலும் டொமைனைப் போட்டால் போதும்.

டிஎன்எஸ்செக்கை நிறுத்துவதென்றால் முதலில் டிஎஸ்ஸை நீக்குங்கள். .காமில் அதன் டிடிஎல் ஒரு நாள்; அது கழிந்த பிறகே கையெழுத்தை எடுங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று அலுவலகச் சாட் சேவையான ஸ்லாக் இந்த இடத்தில்தான் அடிபட்டது: டிஎஸ்ஸை எடுத்த பிறகும் ரிசால்வர்களின் கேஷில் அது மிச்சமிருந்ததால் பலருக்குத் திறக்கவில்லை.

ஜவுளிக்கடை டிஎஸ்ஸை நீக்க ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) லாகின் வேண்டியிருந்தது. அது வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனின் சொந்த மெயிலில் இருந்தது; ஓடிபியும் அவருக்கே போகும். அவரோ துபாயில். இந்த ஊரில் பாதிக் கடைகளின் கதை இதுதான். டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால், "நம்ம பேர்லதாங்க, பில்லு இருக்குதே" என்று ஃபைலைத் தேடப் போகிறார்கள்.